இரட்டைத் தூம்பும் கொளஞ்சியும்

2024 சூன் 11, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் விழுந்த தூறல் மண்ணை நனைக்கவும் போதவில்லை. மேல்காற்று முந்திரிச் சருகுகளை ஓடைக்குள் உருட்டிக்கொண்டிருந்தது. கொளஞ்சி ஊற்றின் வலத்தூம்பில் ஒரு கை நீரேந்தி, நாக்கில் சற்று நிறுத்தித் துப்பினார். அணைத்த தீக்குச்சியின் வாசமும் இலேசான துவர்ப்பும் இருந்தன. தலையை ஒருமுறை அசைத்துக்கொண்டார். இடத்தூம்பின் நீரை அவர் சுவைத்துப் பார்ப்பதில்லை.

உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரிக் காடு முடியும் இடத்தில், சிப்பிகள் புதைந்த சுண்ணாம்புக்கல் கரையிலிருந்து வருகிறது இந்த ஊற்று. கரையில் நீர் விழும் கல் தூம்புகள் இரண்டு உள்ளன. படை, சொறி, முட்டிவலி என்று வருபவர்களை அவற்றின் கீழ் உட்கார வைத்துச் செம்பால் மொண்டு ஊற்றுவது கொளஞ்சியின் வேலை. அவருக்கு வயது ஐம்பத்தாறு. இந்த வேலைக்குப் பதினெட்டு. வருபவரின் முகத்தை அவர் முதலில் பார்ப்பதில்லை. கணுக்காலைப் பார்ப்பார், பிறகு முழங்கையை. ஆறாத புண் இருந்தால் படியிலேயே நிறுத்திவிடுவார். "இது ஆஸ்பத்திரிப் புண்ணு. மொதல்ல அரியலூர் பஸ்ஸப் புடி." சோப்பு கூடாது. குளித்தபின் துண்டு எடுப்பவரைக் கையில் தட்டுவார். "ஒடம்புலயே காயட்டும். வெள்ள பூத்தாத்தான் ஊத்து ஒட்டிருக்குன்னு அர்த்தம்."

நோய் முற்றியவருக்கு வலத்தூம்பு, மற்றவருக்கு இடத்தூம்பு. காரணத்தை அவர் எவரிடமும் சொன்னதில்லை. முந்திரித் தோப்புக்காரர் வீட்டு ஜானகி இதற்காகவே மூன்று ஆண்டுகளாகச் சண்டை பிடிக்கிறார்.

"ஏன்டி கொளஞ்சி, வலப்பக்கம் என்ன ஒங்க தாத்தன் எழுதிவச்ச சொத்தா?"

"ஒங்க முட்டிக்கு எடப்பக்கந்தாம்மா ராசி. குச்சி ஊனிக்கிட்டு வந்தவங்க, இன்னிக்கு என்னோட மல்லுக்கு நிக்கிறீங்களே, போதாதா?"

ஜானகி சிரித்துவிடுவார். முட்டி தேறியது என்னவோ உண்மை.

இடத்தூம்பு வற்றி நான்கு கோடைகள் ஆகின்றன. வந்தவர்கள் முகம் வாடித் திரும்பக்கூடாது என்று ஊற்றுக் குழுவின் செயலாளர் முத்தமிழ்செல்வன், பக்கத்துத் தோப்பின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மண்ணுக்கடியில் குழாய் இழுத்து, கல்லின் பின்புறம் செருகிவைத்தார். குழுவினருக்கும் கொளஞ்சிக்கும் மட்டுமே இது தெரியும். மின்சாரம் நின்றால் தூம்பும் நின்றுவிடும். அப்போது கொளஞ்சி தோளில் கிடக்கும் ஈரத்துணியை எடுத்து அதன்மேல் போர்த்தி, "ஊத்து மூச்சு வாங்குது. செத்த பொறுங்க" என்பார். சனங்கள் கைகூப்பிக் காத்திருப்பார்கள். ஒருமுறை யாரோ சூடமும் ஏற்றினார்கள். அதைப் பார்த்த அன்று கொளஞ்சி மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. நோய் முற்றியவர்களை வலப்பக்கம் உட்கார வைக்கத் தொடங்கியது அதன் மறுநாள்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் திருச்சியிலிருந்து நீர் ஆய்வாளர் அனுசுயா வருவதாக இருந்தது. இயற்கை ஊற்று என்று அவர் எழுதிக் கொடுத்தால், பன்னிரண்டு குழாய்களோடு குளியல் கூடம் எழும்பும். அதில் கொளஞ்சிக்கு நிரந்தர வேலை என்று செயலாளர் வாக்களித்திருந்தார். கலந்த நீர் வரும் அந்தப் பன்னிரண்டு குழாய்களில் எது வலம், எது இடம் என்று கொளஞ்சியால் பிரித்து உட்கார வைக்க முடியாது.

"அக்கா, நீங்க வாயே தொறக்க வேணாம். எல்லாம் நான் பேசிக்கிறேன்."

"பேசுற வேலைய நான் எப்பத் தம்பி பார்த்தேன்? நான் ஊத்துறவ."

ஆய்வாளர் வந்தபோது வலத்தூம்பின் கீழ் பாப்பாயி உட்கார்ந்திருந்தார். திருமானூரிலிருந்து தினமும் முதல் பேருந்தில் வருபவர். முழங்கை வரை படை செதில் செதிலாகக் காய்ந்திருந்தது. நீர் மாதிரி எடுக்க வசதியாகச் செயலாளர் அவரை எழுப்பி, இடத்தூம்பில் ஜானகியின் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ரெண்டும் ஒரே தண்ணிதான், இங்க குளிங்க."

பாப்பாயி நனைந்த கைகளை நீட்டியபடி கொளஞ்சியை நிமிர்ந்து பார்த்தார். "இருவத்தோரு நாளு சொன்னியேக்கா. இன்னியோட பதிமூணு. பக்கம் மாறினா ஒண்ணும் கெட்டுப் போயிடாதுல்ல?"

கொளஞ்சி இடத்தூம்பில் பிடித்த செம்பு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவர் ஊற்றவில்லை.

ஆய்வாளர் வலத்தூம்பில் இரண்டு புட்டிகளை நிரப்பி மூடினார். மூன்றாவது புட்டியை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினார். அந்நேரம் இடத்தூம்பு இரண்டு தடவை செருமியது. நீர் நூலாக மெலிந்து, சொட்டாகி, நின்றுபோயிற்று.

ஜானகி சட்டென்று கைகூப்பினார். "பயப்படாதீங்கம்மா, ஊத்து மூச்சு வாங்குது. அப்பப்ப இப்பிடித்தான்."

செயலாளரின் பார்வை கொளஞ்சியின் தோளில் கிடந்த ஈரத்துணிக்குப் போனது. கொளஞ்சியும் துணியை எடுத்தார். தூம்பை நோக்கி ஓரடி வைத்தவர் நின்றார். செம்பு நீரைத் தரையில் கவிழ்த்தார். துணியை முறுக்கிப் பிழிந்து, உதறி, பாப்பாயியின் மடியில் போட்டார்.

"தொடச்சுக்க."

பதினெட்டு ஆண்டுகளில் அந்தப் படியில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. பாப்பாயி விளங்காமல் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, தண்ணி ஏன் நின்னுது?" என்று ஆய்வாளர் கொளஞ்சியைக் கேட்டார்.

"கரண்டு போயிடுச்சுங்க."