நாத்தனார் கஞ்சியும் நான் காய்ச்சிய கஷாயமும்

போன வருடம் என் கணவருக்குப் புற்றுநோய்க்காகக் கீமோ ஊசி போட்டார்கள். ஊசி போட்ட வாரம் முழுக்க, நான் சுடச்சுடக் கொடுத்த கஞ்சியை வாந்தி எடுத்தார். கெர்லிங்கிலிருந்து வந்த அவர் தங்கை வைத்தால் மட்டும் கிண்ணம் காலியானது. எனக்கு வயிறு எரிந்தது.

நானே குணமாக்கிக் காட்டுகிறேன் என்று, யாருக்கும் தெரியாமல் பக்கத்து ஊரான செரண்டாவில் ஏதோ வேர் வாங்கிக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தேன். மறுநாளே பேதி பிடுங்கியது; கண் செருகிவிட்டது. எங்கள் எஸ்டேட் லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"என்ன குடுத்தீங்க?" என்றார் டாக்டர். எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி எனக்கு இனித்தது.

"கஞ்சிதான் டாக்டர். சூட்டு வாடைக்குக் கொமட்டும்னு வார்டு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க, ஆற வச்சுத்தான் குடுத்தேன்" என்று அவள் அழுதாள்.

அதற்குப் பிறகுதான் கைப்பையிலிருந்த வேர்ப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். இப்போது மிஸ்ஸியிடம் கேட்காமல் ஓர் இலைகூடக் கொடுப்பதில்லை. கஞ்சியையும் ஆறவைத்தே கொடுக்கிறேன்.

"தங்கச்சி வச்ச மாதிரியே இருக்கு லா" என்கிறார் அவர். கிண்ணத்தைக் கழுவ எடுத்துப் போகும்போது இன்னும் கொஞ்சம் வயிறு எரிகிறது.