யப்பான் நடிகனின் கடைசி ஐந்து நிமிடம்

அந்தப் படத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைக் காட்டத்தான் நான் அத்தனை பாடும் பட்டேன். தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் சனம் அகதிகளாக வந்து குடியேறிய மோர்னிங்சைட் பக்கத்து நூலகம் ஒன்றில் ஒரு சனிக்கிழமைக்கு அறை எடுத்திருந்தேன். இரண்டிலிருந்து ஐந்து மணி வரை. அதற்குமேல் ஒரு நிமிடமும் கிடையாது என்று படிவத்திலேயே இருந்தது.

ஊமைப்படம். கதாநாயகன் யப்பானிலிருந்து கப்பலேறி அமெரிக்கா வந்து, வெள்ளைக்காரர்களின் சினிமாவில் நட்சத்திரமான ஆள். அவனைப் பார்க்கப் பெண்கள் கொட்டகைகளில் முண்டியடித்தார்களாம். ஆனால் நான் தேடிப் பார்த்த அவனுடைய படம் எதிலும் வெள்ளைக்காரியை அவன் கட்டியதில்லை. செத்துப்போவான், இல்லாவிட்டால் விட்டுக்கொடுப்பான். இதில் விட்டுக்கொடுக்கிறான். அழமாட்டான், கையைக்கூட அசைக்கமாட்டான். சும்மா நிற்பான். முகம் மட்டும் எல்லாம் சொல்லும். மார்பில் அடித்துக் கதறுவதே நடிப்பென்று நம்பும் எங்கள் சனம் அதை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று எனக்கு வெறி.

சனம் வந்துசேரவே மூன்று மணி. நூலகத்துக்குள் குத்துவிளக்கு ஏற்றக்கூடாது என்று காவலாளி சொல்ல, அவரோடு பத்து நிமிட வாக்குவாதம். பிறகு ஊரில் போரில் செத்தவர்களுக்கு எழுந்து நின்று அகவணக்கம், அதை நான் குறை சொல்லமாட்டேன். வரவேற்புரையையும் தலைமையுரையையும் பொன்னாடையையும் நன்றாகவே குறை சொல்வேன். சிறப்பு விருந்தினர் வீடு விற்பனை முகவர். வடையும் தேத்தண்ணீரும் அவருடைய உபயம். யப்பான் கார்களின் உறுதியில் தொடங்கி, ரூஜ் பக்கம் எழும்பும் புதுவீடுகளில் வந்து நின்றார். நான் என் கை மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டினேன். அவரும் தன்னுடையதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாகப் படத்தின் வீடியோக் கசெற்றைப் போட்டேன். ஐந்து மணிக்குள் மட்டுமட்டாக முடியும் என்று கணக்குப் பார்த்துவைத்திருந்தேன். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“அண்ணை, சத்தம் வரேல்லை!”

“உது பேசாத படம்.”

“இல்லையண்ணை, உது வயர் பிழை. நான் பாக்கிறன்.”

நான் மறிப்பதற்குள் அவர் வந்து ரீவியின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் படத்தையே காணாமல் ஆக்கினார். அதைத் திரும்பக் கொண்டுவர ஐந்து நிமிடம் போயிற்று.

ஆனால் அதன் பிறகு அறை அடங்கிவிட்டது. ஆங்கில எழுத்து வரும்போதெல்லாம் நான் தமிழில் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஓர் அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கத் தொடங்கினார். நடிகன் அந்தப் பெண்ணின் வாசலில் வந்து நின்றான். அந்த ஐந்து நிமிடம் இனித்தான். அறையின் விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. ஐந்து மணி.

காவலாளியிடம் ஐந்தே ஐந்து நிமிடம் கேட்டுக் கெஞ்சினேன். அவர் நான் கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டிவிட்டு, ரீவியின் வயரைப் பிடுங்கினார். சனம் கோட்டுகளைத் தேடிக்கொண்டு எழும்பியது. அந்த அன்ரி மட்டும் எழும்பவில்லை.

“தம்பி, பிறகு என்ன நடந்தது? அவளைக் கட்டினவனே?”

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். ஏன் இல்லை என்று ஏழு பக்கம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அவர் சிவந்த கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் அன்ரி. கட்டினவன்.”

“அப்பாடா. நல்ல பெடியன்.”

எழும்பிக் கோட்டைக் கொழுவிக்கொண்டு, வாசலில் நின்ற நாலைந்து பேருக்கும் அதையே சொல்லிக்கொண்டு போனார். அவர்களும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். எனக்கு என்மேல்தான் ஆத்திரம். ஓடிப்போய்த் திருத்த வாய் வரவில்லை.