மூன்று மணிக்கு எந்த ஜாக்கெட்?

சென்ற பிப்ரவரியில் ஒரு வாரம், ஆக்லாந்தின் ரானுயி பகுதியில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் என் வேட்டிகளுக்கு நடுவே ஒரு கில்ட் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை அது. பக்கத்துப் பகுதியான மாசியில் இருக்கும் என் சம்பந்தி டங்கன், “இனி நீங்களும் எங்கள் குடும்பம்தானே, கல்யாணத்துக்கு இதைக் கட்டுங்கள்” என்று கையில் திணித்திருந்தார்.

இடுப்புக்குக் கீழே சிரமமில்லை. வேட்டி கட்டிப் பழகிய உடம்பு. தொல்லை இடுப்புக்கு மேலே. ஹென்டர்சன் கடைத்தெருவில் உடை வாடகைக் கடைக்காரர் இரண்டு ஜாக்கெட்டுகள் காட்டினார். ஒன்று வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்பு, மற்றது சொரசொரப்பான பழுப்புக் கம்பளி, ட்வீட். நூலகத்தில் மூன்று புத்தகங்கள் எடுத்துப் படித்தேன். கறுப்பு மாலை ஆறு மணிக்கு மேல்தான், பகலில் ட்வீட் என்பதில் மூன்றும் ஒன்றுபட்டன. கல்யாணமோ சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. திருநெல்வேலியில் என் மாப்பிள்ளை அழைப்புக்கு, மே மாத வெயிலில், விரல் நுனிவரை தொங்கும் வாடகைக் கோட்டை மாட்டிவிட்டார்கள். அது எத்தனை மணிக்கு உரிய கோட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

“அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ஜாக்கெட்” என்றாள் மகள் நிலா. அவளுக்கென்ன. அந்த ஒரு கல்யாணப் படத்திலாவது நான் வேற்றாளாகத் தெரியாமல் நிற்க வேண்டும்.

டங்கனுக்கே போன் செய்தேன். “கறுப்புக்கு மூன்று மணி சரியான நேரமில்லை, இல்லையா?”

மறுமுனையில் பெருமூச்சு. எமகண்டம் முடியட்டும் என்று நான் கேட்டதற்காக, இரண்டரையை ஏற்கெனவே மூன்றாக்கியவர் அவர். “மறுபடியும் நேரமா? பரவாயில்லை, மேட். நாலரைக்கு வைத்துவிடலாமா?”

கல்யாணத்தை நகர்த்த வேண்டாம், ஜாக்கெட்டைத்தான் கேட்கிறேன் என்று புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. “ஓ, ஜாக்கெட்டா? பிடித்ததைப் போடுங்கள்.” ஸ்காட்லாந்து வம்சத்தவரிடமே கேட்டுக் கிடைத்த பதில் இது.

மனைவி கறுப்பைத் தொடக்கூட இல்லை. “பொண்ணு கல்யாணத்துல கறுப்பா? புத்தகமே வேண்டாங்குதுல்ல, விடுங்க.” அவளும் ஸ்காட்லாந்தும் ஒத்துப்போன ஒரே விஷயம்.

ட்வீட்டைப் போட்டேன். ஆக்லாந்தின் பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் முதுகெல்லாம் கசகசத்தது. மாசியில் அவர்கள் தோட்டத்துக்குள் நுழைந்தால் டங்கன், மாப்பிள்ளை, அவன் சித்தப்பாமார் எல்லாரும் பட்டப்பகலில் வெள்ளிப் பொத்தான் மின்னக் கறுப்பில் நிற்கிறார்கள். ஸ்காட்லாந்து முறைப்படி உடுத்தியிருந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

சடங்கு முடிந்ததும் படமெடுக்க வந்த பெண் வரிசையைச் சரிசெய்தாள். “கறுப்பு ஜாக்கெட்டெல்லாம் முதலில் நில்லுங்கள். பழுப்பு மட்டும் கொஞ்சம் தள்ளி, ப்ளீஸ்.”

நான் தள்ளி நின்றேன். எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற நிலா வரிசைக்குள்ளிருந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, எங்க போறீங்க?”

அந்த நொடியில் அந்தப் பெண் படத்தை எடுத்துவிட்டாள். கறுப்பு வரிசைக்குள் ஒரு பழுப்புக் கை மட்டும் நீண்டிருக்கிறது. மீதி நான் படத்துக்கு வெளியே இருக்கிறேன்.