நான் திருத்திய ரஷ்யக் கதை

வங்கப் போர் முடிந்திருந்த சமயம். போரில் நமக்குத் துணை நின்ற ரஷ்யாவைப் பற்றி, அந்த நாட்டுக் கதைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்று ஹெட்மாஸ்டருக்குத் தோன்றியது. தமிழில் வந்த ரஷ்யக் கதைப் புத்தகம் ஒன்றை என் கையில் திணித்துவிட்டார்.

பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடம் அது. நானோ முதலமடைக்காரன், மாந்தோப்பு வெயிலில் வெந்தவன். தூரதேசம் என்று போனது கோயம்புத்தூர்தான். ஆனாலும் ஆறாம் வகுப்பில், நேற்றுத்தான் மாஸ்கோவில் டீ குடித்துவிட்டு பஸ் ஏறியவன் போலப் பேசினேன். பனி என்றால் என்ன தெரியுமா என்று கேட்டேன். கேட்ட நான் ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக்குல்லாய்க்குள் இருந்தேன். பிள்ளைகள் வெறுங்காலோடு இருந்தார்கள். "ஏனுங்க சார், அங்க இதவிடக் குளிருங்களா?" என்று ஒருவன் என் ஊர்ப்பேச்சிலேயே கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்தான்.

பாடத்தை முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போகும் கெட்ட பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. கதையில் மகன் போருக்குப் போகிறான். தாய் தினமும் காலையில் வாசல் பனியை மண்வாரியால் தள்ளி, அவன் வருவதற்கு வழி செய்துவைக்கிறாள். சத்தமாக வாசித்தபடி பக்கத்தைத் திருப்பினேன். அங்கே அவனுடைய தொப்பியும் பெல்ட்டும் மட்டும் பார்சலில் வந்திருந்தன.

முன்பெஞ்சில் இருந்த பெண்ணின் அண்ணன் பட்டாளத்துக்காரன். ஆளைக் காணவில்லை என்று ஒரு தந்தி வந்ததோடு சரி. பென்சிலைக் கடித்தபடி அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மகன் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தான், தாய் மண்வாரியைப் போட்டுவிட்டு ஓடினாள் என்று வாசித்தேன். எழுதியவருக்கே தோன்றாத முடிவு எனக்குத் தோன்றியதே என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு.

இரண்டே நாளில் கதை கொழுந்துக் காட்டுக்குப் போய்விட்டது. காணாமல் போன பையன் திரும்பி வந்ததாகப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறதாம் என்று தொழிலாளர் குடியிருப்பில் லயத்துக்கு லயம் பேச்சு. அந்த வாரம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சொந்த ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து, இனி அண்ணனுக்குக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார்களாம். அவனுடைய அம்மா புத்தகத்தில் போட்டிருப்பதைச் சொல்லி, முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

பிறகு அந்தப் பெண் புத்தகம் கேட்டு வந்தாள். அம்மா வாசித்துக்காட்டச் சொன்னாளாம். எழுத்துக்கூட்டித் தடுமாறுவாள், அந்தப் பக்கம் வரை போகமாட்டாள் என்று நம்பிக் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தானே, நம்பக் காரணம் இருந்தது.

நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே வாசிச்சேன் சார். அம்மா தெனமும் கேக்கா. இன்னும் எத்தன நாளு அப்பிடியே வாசிக்கணும்?"

என் புளுகை ஒரு பதினொரு வயசுப் பிள்ளை சுமந்துகொண்டிருந்தது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு, நானே வந்து வாசிக்கிறேன் என்றேன்.

சாயங்காலம் போனேன். வழியெல்லாம், போனதும் சொல்வதற்கு ஒரு வேடிக்கைப் பேச்சு தேடினேன். சுலபமாக வாய்க்கும் எனக்கு அன்று ஒன்றும் சிக்கவில்லை. அந்த அம்மா பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தாள். மகளைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பினாள். அவள் படியிறங்கும்வரை பார்த்திருந்துவிட்டுப் பேசினாள்.

"எனக்கு எழுத்து தெரியாது சார். ஆனா அந்த எடம் வந்தா மட்டும் அவ ஏட்டப் பாக்க மாட்டேங்கா. செவுத்தப் பாத்து வாசிக்கா. நீங்க ஏட்டப் பாத்து வாசிங்க."

கண்ணாடியைத் துடைத்தேன். இருமிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. பக்கத்தைப் பிரித்து, அச்சில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன்.

முடித்ததும், "இன்னொருக்கா" என்றாள்.

வாசித்தேன்.