சீற் பெல்ற்றின் கடைசி முழம்

மனைவிக்கு முதுகில் ஒப்பரேசன் நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மாதம் ஒருமுறை கண்டி ஆஸ்பத்திரியில் கிளினிக். பஸ்சில் போனால் கந்தளாய் வருவதற்கு முன்னமே வலி தொடங்கிவிடும். அதனால் ஒருமுறை வாடகை வான் பிடித்துப் போனோம். ஹபரணைக்கு இந்தப் பக்கம், இரண்டு புறமும் காடு, வான் நின்றுவிட்டது. ஒன்றரை மணித்தியாலம். அவளால் நிற்கவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. வானுக்குள் கிடந்த பாயை எடுத்து வீதியோரத்தில் விரித்து அவளைப் படுக்க வைத்தேன். போகிற லொறிகள் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. அன்றைக்குத்தான் சொந்தமாக ஒரு கார் வாங்குவது என்று முடிவெடுத்தேன். பழைய கார்தான். ஆனால் வழியில் நிற்காத கார்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்ராண்டில் இருந்து வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுத் துறைமுகப் பக்கம் படகுகளில் துரு சுரண்டிப் பெயின்ற் அடிக்கிற வேலைக்குப் போனவன். இரும்பை உப்பு எப்படித் தின்னும் என்பது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காகத் தெரியும். வெளியே பெயின்ற் பளபளக்கும். சின்னச் சுத்தியலால் தட்டினால் உள்ளே தகடு பொருக்கு விட்டிருப்பது சத்தத்திலேயே விளங்கிவிடும். ஆகவே கார் பார்க்கப் போகும்போதும் சுத்தியலும் டோர்ச்சும் கொண்டுதான் போனேன்.

நிலாவெளியில் பார்த்த முதல் காரின் டிக்கிக் கம்பளத்தைத் தூக்கினேன். மீன் பெட்டி ஏற்றிய கார். ஐஸ் உருகி வடிந்த தண்ணீர் தகட்டைத் தின்று, விரல் போகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்குள்ளால் கீழே மணல் தெரிந்தது. அடுத்தது, கரைவலைக்காரர் கடற்கரை மணலுக்குள் இறக்கி ஓட்டியது. தட்டத் தட்ட அடியில் இருந்து செதில் செதிலாக உதிர்ந்தது. நான்காவது காரையும் வேண்டாம் என்றுவிட்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி கேட்டாள்:

“என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கையும் இப்பிடித்தான் தட்டிப் பாத்தனீங்களோ?”

“அப்ப சுத்தியல் கொண்டு வரேல்லை.”

“கொண்டு வந்திருந்தா அண்டைக்கே என்ர முதுகைக் கண்டுபிடிச்சிருப்பீங்கள்.”

கடற்கரைக் காரே வேண்டாம் என்று அதற்குப் பிறகு முடிவெடுத்தேன். மூதூரில், கடலில் இருந்து உள்ளுக்குத் தள்ளி, வயல் செய்கிற ஒருவர் கார் விற்கிறார் என்று வேலையிடத்தில் சொன்னார்கள். மூதூர் கிட்டத்தானே, தாங்குவேன் என்று மனைவியும் பஸ்சில் வந்தாள். அவள் இருந்து பார்க்காமல் வாங்கி என்ன பிரயோசனம்?

கார் வீட்டு முற்றத்தில் மாமர நிழலில் நின்றது. சொந்தக்காரர் முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்; அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டேன். நான் நிலத்தில் படுத்து அடியைப் பார்த்தேன். கதவுகளின் கீழ்விளிம்பு, சில்லுகளுக்கு மேலே உள்ள வளைவு, டிக்கி, எல்லாவற்றையும் தட்டினேன். எங்கும் நல்ல சத்தம்.

“நானா, இது கடற்கரைக்குப் போன காரோ?”

“இல்ல தம்பி.”

“மீன் ஏத்தினதோ?”

“கறிக்கு மீன் வாங்கவும் நான் மோட்டச்சைக்கிள்லதான் போற.”

“உப்புத் தண்ணி பட்டதோ?”

“வல்லாஹி, ஒரு சொட்டும் படல்ல. நீங்க என்ன, உப்பளத்திலயா வேல?”

எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. காரின் பதிவுப் புத்தகத்தில் அவருக்கு முன் ஒரேயொரு சொந்தக்காரர். விலை பேச வாயைத் திறந்தேன்.

அப்போது மனைவி பின் சீற்றில் ஏறி இருந்து பார்த்தாள். முதுகுக்கு அவள் தடித்த பட்டி கட்டியிருந்தபடியால் சீற் பெல்ற் சுற்றி வரப் போதவில்லை. இன்னும் இழுத்தாள். வழக்கத்தில் யாரும் இழுக்காத, உள்ளேயே சுருண்டு கிடக்கிற கடைசி முழம் வரைக்கும் வந்தது.

“இஞ்ச பாருங்கோ. கையில மண் ஒட்டுது.”

எட்டிப் பார்த்தேன். அந்த முழம் மட்டும் மண்ணிறமாக, மொறுமொறுவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரிக் களிமண் உதிர்ந்தது. மணந்து பார்த்தேன். கடல் மணம் இல்லை. வயல் சேறு.

“நானா, இது என்ன?”

அவர் பெல்ற்றைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். யன்னலுக்குக் கீழே சுவரில் புதுப் பெயின்ற்.

“அது வெள்ளம் வந்த நேரம்.”

“காருக்குள்ள எவ்வளவுக்கு நிண்டது?”

“சீற் மட்டத்துக்கு. ரெண்டு நாள்.”

“ஏன் நானா சொல்லேல்லை?”

“நீங்க வெள்ளத்தக் கேக்கல்லையே தம்பி. வந்ததில இருந்து உப்பு, கடல், மீன் எண்டுதானே கேட்டீங்க? கேட்டதுக்கெல்லாம் உண்மதானே சொன்னன்?”

ஆற்று வெள்ளம் தகட்டைக் கடல் மாதிரித் தின்னாது, சரி. ஆனால் சீற்றுக்குக் கீழே போகிற வயர்களுக்குள் அது என்ன செய்து வைத்திருக்கிறது என்பதைச் சுத்தியல் சொல்லாது. கடலுக்குப் பயந்து ஓடி வந்து வெள்ளத்துக்குள் கையை நீட்டப் பார்த்திருக்கிறேன்.

அவர் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டார். உள்ளே இருந்து பிளேன்ரீ வந்தது. மனைவியின் முதுகைப் பற்றி விசாரித்தார். அவள் காட்டுக்குள் பாயில் படுத்த கதையைச் சொன்னாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இது உங்களுக்கு வேணாம் தம்பி. டவுனுக்குள்ள ஓடுற ஆளுக்கு, விசயத்தச் சொல்லியே விக்கிறன். நீங்க காட்டுக்குள்ள நிண்டா எனக்குத்தான் போன் எடுப்பீங்க. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் எடுக்கிற முகம் உங்கட முகம்.”

“பத்தோட விடமாட்டார் நானா,” என்றாள் மனைவி. முதுகுப் பட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு கடற்கரை, வயல் என்று பாராமல் கார் பார்க்கப் போன இடங்களில் ஒரே கேள்விதான் கேட்டேன்: “இந்தக் காருக்கு இதுவரைக்கும் என்னென்ன நடந்தது?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். கேட்பது சுலபம். மூடிக்கொண்டு நிற்பதுதான் எனக்குப் பெரிய பாடு. அநேகமானவர்கள் உடனேயே ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். உப்புவெளியில் வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடுகிற ஒரு அக்கா மட்டும் யோசித்துச் சொன்னா.

“மாடு அடிச்சது. இல்லை, சும்மா சொல்லக்கூடாது, நாங்கள்தான் மாட்டை அடிச்சனாங்கள். முன்னுக்கு, இடது பக்கம். லைற், மட்காட், ரேடியேற்றர் மூண்டும் மாத்தினது. மாடு எழும்பி நடந்து போட்டுது, கார்தான் ஒரு மாசம் கராஜில.”

கராஜ் பில்லையும் காப்புறுதிக் கடிதத்தையும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருந்து எடுத்துத் தந்தா. என்னோடு காப்புறுதிக் கந்தோருக்கும் வந்தா. இந்தக் காருக்கு அந்த ஒரு விபத்துத்தான் பதிவில் இருக்கிறது என்று அங்கே பார்த்துச் சொன்னார்கள். சுத்தியலால் தட்டினேன். அவ சொன்ன இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக இருந்தது. அடியில் கொஞ்சம் துரு. அதை நான் பார்த்துக்கொள்வேன். மனைவி எல்லா பெல்ற்றுகளையும் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தாள். வாங்கினோம்.

முதல் கிளினிக்குக்கு விடியவே வெளிக்கிட்டோம். எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும் என்று ரேடியோவைப் போடவில்லை. கந்தளாய் தாண்டிக் காடு தொடங்கியது.

“ஏதோ ஒரு சத்தம் கேக்குது, என்ன?” என்றேன்.

“உங்கட மூச்சு.”

கொஞ்சத் தூரம் போனதும் அவள் சீற்றைப் பின்னுக்குச் சரித்தாள். “பயப்பட நீங்கள் இருக்கிறீங்கள்தானே. நான் கொஞ்சம் படுக்கிறன்.”

தம்புள்ளைச் சந்தையடியில் மரக்கறி லொறிகளுக்குப் பின்னால் வேகம் குறைத்தபோதுதான் கண்ணைத் திறந்தாள்.

“எங்க நிக்கிறம்?”

“தம்புள்ளை.”

“காடு?”

“முடிஞ்சுது.”