வலது கை மஸ்கட்டில்

என் மனைவி மஸ்கட்டில் நர்ஸ். நான் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். இருவருக்கும் நடுவில், திருத்தணியில் எங்கள் மாடி வீட்டுக் கூடத்தில், பொதட்டூர்பேட்டை லுங்கி ஒன்றைப் போர்த்திக்கொண்டு அவளுடைய டிஜிட்டல் பியானோ நிற்கிறது. லுங்கி என்னுடையது. என் இடுப்பில் இருந்ததைவிட அது அங்கேதான் கௌரவமாக இருக்கிறது என்பாள்.

அவள் என் மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்பே நான் அவளுக்குப் பாவா. அந்த மரியாதை பெயரோடு சரி, மற்றபடி சின்ன வயதிலிருந்தே வா, போ தான். நர்சிங் ஹாஸ்டலில் இருந்தபோது பக்கத்துச் சர்ச்சில் வாசிக்கும் ஓர் அம்மாவிடம் பியானோ கற்றவள். வேலைக்குக் கிளம்பிய அன்று பெட்டியைப் பூட்டிவிட்டு ஒரு நோட்ஸ் தாளை என்னிடம் நீட்டினாள். மூன்று மூன்றாக எண்ணி ஆடுகிற சின்ன மெட்டு. கோடு போட்டுப் பிரித்த முப்பத்திரண்டு கட்டங்கள்.

"இடது கை மட்டும் கத்துக்கோ பாவா. ஆடிக் கிருத்திகைக்கு லீவுல வருவேன். நான் வலது கை, நீ இடது கை. ஒண்ணா உக்காந்து வாசிக்கலாம்."

"ஏன், வலது கைய எனக்குத் தர மாட்டியா?"

"வலது கை பாடணும். நீ பாடி நான் கேட்டிருக்கேன்."

எந்தப் புள்ளிக்கு எந்தக் கட்டை என்பதை வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தாள். அவள் அங்கே மெட்டை முணுமுணுக்க, நான் இங்கே வாசித்துப் பார்த்தேன். அங்கிருந்து சத்தம் வந்து சேர்வதற்குள் நான் அடுத்த கட்டத்தில் இருந்தேன். சரி, நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் உழைக்கத் தொடங்கினேன்.

கணக்கு வாத்தியாருக்குத் தெரிந்த ஒரே பயிற்சி இம்போசிஷன். வீட்டுப்பாடம் எழுதாதவனை 'நான் இனி எழுதாமல் வர மாட்டேன்' என்று நூறு தடவை எழுதச் சொல்வேன். பையன்கள் அதை எப்படி எழுதுவார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். மேலிருந்து கீழே நூறு 'நான்'. பக்கத்தில் நூறு 'இனி'. கை எழுதிக்கொண்டிருக்கும், கண் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும். பிடிபட்டால் இன்னும் நூறு போடுவேன். எனக்கும் அதையே போட்டுக்கொண்டேன். தினமும் பள்ளி விட்டு பஸ்ஸில் வந்து இறங்கியதும், காபி, பிறகு நூறு தடவை. ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடாகச் சுவரில் சாக்பீஸ் கணக்கு.

ஐந்தாவது மாதம் கை தானாக ஓடத் தொடங்கியது. இடது கை வாசிக்க, வலது கையால் போண்டா சாப்பிட்டேன். அதை ஒரு பெரிய தேர்ச்சி என்று நம்பினேன். கீழ் வீட்டு அம்மா ஒருநாள் படியில் மறித்தார்.

"சார், அந்தப் பாட்டு எப்பதாங்க முடியும்?"

"முடிஞ்சிட்டுதும்மா. திரும்ப ஆரம்பிக்கிறேன்."

"ஆங். அதத்தான் கேக்கறேன்."

ஆடியில் அவள் வந்தாள். பதின்மூன்று நாள் லீவு. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பெஞ்சில் உட்கார்ந்தோம்; அவள் வலது பாதி, நான் இடது பாதி. அவளிடமிருந்து மருந்து வாசனையும் புதுச் சோப்பு வாசனையும் வந்தன. அவள் தலையசைத்தாள். நான் புறப்பட்டேன்.

புறப்பட்டவன் நிற்கவில்லை. ஆறாவது கட்டத்தில் அவள் ஒரு மூச்சு விடுகிற அளவு தாமதித்தாள். என் கைக்கு அதெல்லாம் தெரியாது. அவள் பாதியைத் தாண்டும்போது நான் முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்திருந்தேன்.

அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "திருப்பதி ரயில்ல நான் இன்னும் பொன்பாடியே தாண்டல. நீ புத்தூர்ல இறங்கி டீ குடிச்சிகினு இருக்க."

"வேகமா வந்தது தப்பா?"

"சரி, பத்தாவது கட்டத்துல இருந்து வாசி."

கையைத் தூக்கினேன். அது எங்கே இறங்குவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. "முதல்ல இருந்து வந்தாதான் பத்து வரும்," என்றேன்.

"தெனம் நூறு வாட்டி வாசிச்சியே, ஒரு வாட்டியாவது கேட்டியா பாவா?"

போண்டாவைப் பற்றிச் சொல்லவா முடியும். அவளுக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டேன். மஸ்கட்டில் அவளுக்குப் பியானோவே கிடையாது.

"ரூம்ல நாலு பேரு. கட்டில் போடவே எடமில்ல. டூட்டி பஸ்ல கண்ண மூடிகினு மனசுல வாசிப்பேன். எங்கயாவது மறந்துட்டா அங்கயே நின்னு யோசிப்பேன். இருவது நிமிசத்துல ஆஸ்பத்திரி வந்துடும். ஒரு வாட்டிதான் முடியும்."

எண்பத்தெட்டுக் கட்டைகளை வைத்துக்கொண்டு நான் கற்காததை ஒரு கட்டைகூட இல்லாமல் அவள் கற்றிருந்தாள்.

மறுநாளிலிருந்து மலைக்கோயில் ஒலிபெருக்கிகள் தொடங்கிவிட்டன. தெருவில் காவடிக் கூட்டம், பம்பை, அரோகரா. பியானோவை எவ்வளவு கூட்டி வைத்தாலும் கேட்கவில்லை. வீணாய்ப் போகிறதே நாள் என்று நான் இன்னும் கூட்டப் பார்த்தேன். அவள் ஸ்விட்சையே அணைத்துவிட்டாள்.

"ஊமைக் கட்டையில வாசி. அழுத்தறதுக்கு முன்னால அது என்ன சத்தம்னு மனசுல கேக்கணும். கேட்டாதான் அழுத்தணும்."

ஒரு கட்டத்துக்கு மூன்று தட்டல். அதற்குள் எனக்கு வியர்த்தது. அவள் என் காதோரம் வலது கையின் மெட்டை முணுமுணுத்தாள். ஊரே அலறிக்கொண்டிருக்க, சத்தமில்லாத பியானோவின் முன்னால் இரண்டு பேர் தலையாட்டிக்கொண்டிருந்தோம். முறுக்கு கொண்டுவந்த கீழ் வீட்டு அம்மா வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் இறங்கிப் போனார்.

நாளுக்கு இரண்டு கட்டம் வந்தால் அதிகம். ஊருக்கு வந்த சொந்தங்கள் பாதி நாளைத் தின்றன. கிளம்புவதற்கு முந்தின நாள் பதினாறு வரை சேர்ந்து வாசித்தோம். ஆறாவது கட்டத்தில் அவள் தாமதித்தாள். என் கையும் நின்றது. நானாக நிறுத்தவில்லை, அவள் மூச்சு கேட்டது, நின்றேன். பதினாறோடு லீவு முடிந்தது.

அவள் போய் மூன்று வாரம் ஆகிறது. இப்போது நாளுக்கு ஒரு தடவைதான். கவனித்து வாசிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நூறு தடவை ஓட்டியபோது வீடு நிறையச் சத்தம் இருந்தது, மனம் எங்கோ மேய்ந்தது. இப்போது ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் அவள் வரவேண்டிய இடம் தெளிவாகக் கேட்கிறது. பெஞ்சின் வலது பாதி எவ்வளவு அகலம் என்பதும் தெரிகிறது. அத்தனை போண்டாவை ஏன் தின்றேன் என்று இப்போது புரிகிறது. இரண்டாவது தடவை வாசிக்க எனக்குத் தைரியமில்லை.

பதினேழாவது கட்டத்தை நான் தொடவில்லை. இதுவரை வந்த பதினாறும் அவள் தோளருகில் வந்தவை. மீதியும் அப்படியே வரட்டும், அடுத்த லீவு வரை காத்திருக்கலாம் என்று வைத்திருந்தேன். போன ஞாயிறு போனில் அதைச் சொன்னபோது என் பாசத்தை மெச்சுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"பாவா, இப்பல்லாம் பஸ்ல வாசிக்கும்போது உன் கையும் சேர்ந்து கேக்குது எனக்கு. பதினாறு வரைக்கும் கூடவே வர்ற. அப்பால ஆளக் காணோம். மிச்ச தூரம் நான் தனியாதான் போறேன்."

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன் நான். அன்றைக்குச் சரி என்று மட்டும் சொன்னேன்.

நேற்று சாயங்காலம் தாளை விரித்துப் பதினேழை எடுத்தேன். மூன்றே தட்டல். ஒவ்வொன்றையும் மனதில் கேட்டு, கேட்காதபோது காத்திருந்து, பிறகு அழுத்தி, அரை மணி ஆயிற்று. இன்னும் பதினைந்து இருக்கிறது. லுங்கியைப் போர்த்திவிட்டு அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "நாளைக்கு பதினேழு வரைக்கும் வரேன்."