குவைத்திலிருந்து பாடிய வீடு

வீட்டை விட்டுக் கிளம்பும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவது ஏழுமலையின் வழக்கம். ஒற்றை பல்பு மட்டும் எரிந்த கூரை வீட்டிலேயே அப்படிச் செய்தவர், மகன் மாடி வீடு கட்டிக் கொடுத்த பிறகா விடுவார்?

கார்வேட்டிநகரம் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில் முப்பது வருஷம் கட்டு சுமந்து மகன் முரளியைத் திருப்பதியில் பாலிடெக்னிக் படிக்க வைத்தார். அவன் ஸ்ரீ சிட்டி கம்பெனி ஒன்றில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டுக் குவைத்துக்குப் போனான். ஏழுமலையின் மனைவி செத்துப் போனாள். மருமகள் ஷோபா கைக்குழந்தையோடு சத்தியவேட்டில் தாய்வீட்டில் இருந்தாள். புது வீட்டில் ஏழுமலை ஒண்டி ஆள்.

போன லீவில் முரளி ஒரு பாட்டுப் பெட்டி கொண்டுவந்தான். கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர், தெருவைப் பார்த்து உயரத்தில் ஒன்று. பாட்டு இன்டர்நெட்டில் வரும். குவைத்தில் உட்கார்ந்தபடியே போனில் போடலாம், நிறுத்தலாம். தினமும் காலை ஆறு மணிக்குத் தானாகப் பாடும்படி நேரம் வைத்தான். முதலில் பெருமாள் பாட்டு, அப்புறம் சினிமா.

அவன் திரும்பிப் போன முதல் வாரமே போனில் தகராறு.

"இன்னா நைனா, மறுபடியும் ஆப் பண்ணிட்டியா? பெட்டி செத்துக் கெடக்குதுன்னு என் போன்ல காட்டுது."

"ஆளில்லாத வூட்ல கரண்டு யாருக்குடா துன்னணும்?"

எட்டு நாள் பொறுத்துப் பார்த்த முரளி, எலக்ட்ரீஷியன் சம்பத்தைப் பிடித்தான். சம்பத் வந்து சுவிட்சே இல்லாமல் இன்வெர்ட்டரிலிருந்து நேராக லைன் கொடுத்து, பெட்டியையும் இன்டர்நெட் மோடத்தையும் பேட்டரியையும் மாடிப்படிக்குக் கீழே இரும்புக் கதவு போட்டுப் பூட்டினான். சாவி ஷோபாவிடம் போய்ச் சேர்ந்தது. ஏழுமலை கையில் கொடுத்தால் திறந்துவிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

எதிர்வீடு கங்கையாவுடையது. ஏழுமலைக்குப் பெரியப்பா மகன், பங்காளி. இந்த மாடி எழும்பியபோது மழைத்தண்ணீர் தெருவைத் தாண்டிக் கங்கையா வாசலில் தேங்கியதில் வாய்ச்சண்டை வந்து, மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. கங்கையா படுக்கையில் விழுந்த பிறகு ஏழுமலை தினமும் நினைத்தார், நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று. ஒரு செவ்வாய்க்கிழமை விடியும் நேரம் எதிர்வீட்டில் கங்கையாவின் மனைவி இந்திராணி அலறினாள். கங்கையா போய்விட்டார்.

சாவுக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பங்காளி தோள் கொடுக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது போகவில்லை, தூக்கும்போதாவது அண்ணனுக்கு ஒரு தோள் கொடுத்துவிட்டால் போதும் என்று ஏழுமலை துண்டை எடுத்தார். மணி ஆறு அடித்தது. தெரு முழுக்கப் பெருமாள் பாட்டு முழங்கியது.

ஓடிப்போய் மெயினை இறக்கினார். மின்விசிறி நின்றது, பாட்டு நிற்கவில்லை. அம்மிக் குழவியால் பூட்டை அடித்தார். கைதான் வலித்தது. முரளிக்குப் போன் போட்டார். ராத்திரி ஷிப்டு; போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவான். நம்ம ஊர் எட்டரைக்குத்தான் வெளியே வருவான். ஷோபாவைக் கூப்பிட்டார்.

"சாவு வூட்டுக்கு எதுருல பாடிக்கினு கீதும்மா! நிறுத்து!"

"என் போன்லயும் போட்டுக் குட்த்திருக்காரு மாமா. இருங்க, அமுக்கறேன்."

பாட்டு நின்றது. ஏழுமலை மூச்சு விட்டார். மறுகணம் நாதஸ்வரமும் தவிலுமாகக் கல்யாணக் கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்தது, முன்னைவிடச் சத்தமாக.

"நின்னுச்சா மாமா?"

"மோளம் கொட்டுதும்மா!"

"அய்யய்யோ! இப்ப பாஸ்வேர்டு கேக்குதே, அது அவருக்குத்தான் தெரியும். நான் சாவி எடுத்துக்கினு பஸ் ஏறிடறேன்."

சத்தியவேட்டிலிருந்து வந்துசேர மூன்று மணி நேரமாவது ஆகும். மூங்கில் கழியில் கம்பளியைச் சுற்றி ஸ்பீக்கர்மேல் வீசினார். கம்பளி அவர் தலைமேலேயே விழுந்தது. ஏணி வேண்டும். அந்தத் தெருவில் ஏணி இருந்தது ஒரே வீட்டில், கங்கையா வீட்டில்.

முதுகுக்குப் பின்னால் தன் வீடே கெட்டிமேளம் கொட்ட, ஏழுமலை தெருவைக் கடந்தார். வாசலில் கங்கையாவின் மகன் முனிகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"ஏணி வேணும்பா."

"எதுக்கு சித்தப்பா, பந்தல் போடவா? முகூர்த்தம் எத்தினி மணிக்கு?"

"என் கையில இல்லப்பா. முரளி குவைத்துல இருந்து வெச்சிது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"ஓஹோ! எங்க நைனா போன சேதி குவைத்து வரைக்கும் போயிடுச்சா? அங்க இருந்து மோளம் வெச்சிக் கொண்டாடறானா உம் புள்ள?"

"அவனுக்குத் தெரியாதுப்பா. அது தானா பாடுது."

"ஆளில்லாம தானா பாடுதாம்! பேசாதவன் மனசுல இருந்தத பெட்டி பாடுது" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

உள்ளே பிணத்தின் தலைமாட்டிலிருந்து இந்திராணியின் குரல் வந்தது. "ஏணிய எடுத்துக்கினு போய் நிறுத்துடா. அந்த மனுசன் நிம்மதியா போவட்டும்."

முனிகிருஷ்ணனே ஏணியைத் தூக்கி வந்தான். பிடிக்கப்போன ஏழுமலையின் கையை ஒதுக்கிவிட்டு ஏறினான். பாடைக்கு மூங்கில் வெட்ட வைத்திருந்த கத்தியால் ஒயரை ஒரே வெட்டு. கூடத்துக்குள் மட்டும் மேளம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. ஏழுமலை கதவைச் சாத்தினார்.

எட்டரைக்கு முரளி அழைத்தான். விஷயத்தைக் கேட்டுப் பதறி, முதலில் மேளத்தை நிறுத்தினான். "முனிகிருஷ்ணன் அண்ணன்கிட்ட குடு நைனா, நான் சொல்றேன்." ஏழுமலை போனை எடுத்துப் போய் நீட்டினார். முனிகிருஷ்ணன் அதைப் பார்த்தான், வாங்கவில்லை. "நைனா, குட்த்தியா? ஹலோ, ஹலோ" என்று நீட்டிய கையிலேயே மகன் குரல் கத்தியது.

பிற்பகலில் எடுத்தார்கள். ஏழுமலை துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பாடையின் இடது பக்கம் போய் நின்றார். யாரும் அவரைத் தள்ளவில்லை. தூக்கும்போது மட்டும் அங்கே வேறொரு தோள் இருந்தது.

பாதி வழியில், ஏரிக்கரைத் திருப்பத்தில், பாடையை இறக்கித் தோள் மாற்றுவார்கள். அங்கேயாவது கிடைக்கும் என்று வேகமாக நடந்து முன்னால் வந்தார். நான்கு பேர் விலகினார்கள், நான்கு பேர் வந்தார்கள். துண்டைக் கையில் பிடித்தபடி ஏழுமலை கரையோரம் ஒதுங்கி வழி விட்டார்.